உடல்நலத் தேடல் எங்கே தவறுகிறது: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

நோய், மருந்து, பரிசோதனை என்று இணையத்தில் தேடுபவர்களுக்கு நேரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு கோளாறு. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். வரிசையாகப் படித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வையுங்கள். தேடுபொறி உங்கள் உடம்பைப் பார்ப்பதில்லை, நீங்கள் தட்டிய சொற்களைத்தான் பார்க்கிறது. அந்தச் சொற்களுக்குள் பயம் இருந்தால் பயமுறுத்தும் பக்கம் வரும். ஆசை இருந்தால் ஆசைகாட்டும் பக்கம் வரும். ஆகவே பெரும்பாலான கோளாறுகளுக்கு மருந்து, தட்டும் சொல்லை மாற்றுவதுதான்.

தேடவே கூடாத நேரம்

நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கம் கைகால் விழுந்துபோவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு, பாம்புக்கடி, விஷமோ நிறைய மாத்திரையோ விழுங்கியது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் கைக்குழந்தை. இவற்றில் எது நடந்தாலும் போனை எடுப்பது அழைப்பதற்காக மட்டும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுவதா, கீறிவிடுவதா என்று தேடிப் பார்க்கவும் வேண்டாம். இரண்டும் வேண்டாம், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கோளாறு: முதல் பக்கம் முழுக்க விற்பனையாக இருக்கிறது

மூட்டுவலி என்று தட்டினால் தைலம், பெல்ட், மாத்திரை, "இன்றே முன்பதிவு செய்யுங்கள்". மேலே வரும் சில முடிவுகளில் "ஸ்பான்சர்டு" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். அவற்றைத் தாண்டினால் வருபவை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளின் கட்டுரைகள். அவற்றில் எழுதியிருப்பது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த வரியில் போய் முடிகின்றன என்று பாருங்கள். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்தின் கட்டுரை, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு அறுவைச் சிகிச்சைக்குத் தாவிவிடும்.

சரிசெய்ய, தேடலை நீங்கள் நம்பும் தளத்துக்குள் பூட்டிவிடுங்கள். ஆங்கிலத்தில் சைட் என்ற சொல்லை (எஸ், ஐ, டி, இ) தட்டி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி. அதன்பின் ஒரு இடைவெளி விட்டு உங்கள் சொல். இப்படிச் செய்தால் அந்தத் தளத்துக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டுமே வரும்.

எந்தத் தளம்? நான் முதலில் போவது மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் பொதுமக்களுக்காக நடத்துவது. விளம்பரம் கிடையாது, ஆங்கிலம் எளிமையாக இருக்கும். அடுத்தது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் தளம். "வீட்டில் என்ன செய்யலாம், எப்போது மருத்துவரிடம் போகவேண்டும், எப்போது உடனே ஓடவேண்டும்" என்று பிரித்து எழுதுவதில் அதற்கு இணை இல்லை. தொற்றுநோய் என்றால் உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி அட்டவணை, காசநோய், பாம்புக்கடி போன்று நம் நாட்டு நடைமுறை தேவைப்படுபவற்றுக்கு முகவரி "கவ் டாட் இன்" என்று முடியும் இந்திய அரசுத் தளங்களுக்குள் பூட்டித் தேடுங்கள். பிரிட்டன் பக்கத்தில் நல்லபாம்புக்கடி பற்றி அதிகம் கிடைக்காது.

சில பக்கங்களின் அடியில் "ஹான்கோடு" என்ற முத்திரை இன்னும் தெரியலாம். நம்பகமான உடல்நலத் தளங்களுக்கு ஜெனீவாவிலிருந்து ஓர் அறக்கட்டளை கொடுத்துவந்த சான்று அது. அந்த அமைப்பு 2022 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று அந்த முத்திரை இருப்பதால் எதுவும் உறுதியாகாது.

கோளாறு: தமிழில் தேடினால் கை வைத்தியம் மட்டுமே வருகிறது

இது தமிழில் தேடுபவர்களுக்கே உரிய சங்கடம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுற்றியோ நெஞ்சிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் எரிச்சலோடு கொப்புளம் கிளம்புகிறது. "அக்கி குணமாக" என்று தட்டினால் காவி கரைத்து அக்கி எழுதுவது பற்றியும், பச்சிலை பற்றியும் பக்கம் பக்கமாக வரும். குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். எழுதிய பிறகு மனம் ஆறும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இதே நோய்க்கு ஆங்கிலத்தில் ஷிங்கிள்ஸ் என்றும் ஹெர்ப்பிஸ் ஜோஸ்டர் என்றும் பெயர். சின்னம்மைக் கிருமி பல ஆண்டு நரம்பில் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவதால் வருவது. அந்தப் பெயரில் தேடினால் முதல் பக்கத்திலேயே கிடைக்கும் செய்தி, அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து, அன்றே கண் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். தமிழ்ப் பெயரில் மட்டும் தேடியவர் இந்த மூன்று நாளைப் பச்சிலையில் கழித்துவிடக்கூடும்.

காரணம் எளிது. ஊர்வழக்குப் பெயரை எழுதுபவர்கள் பெரும்பாலும் கை வைத்தியம் எழுதுபவர்கள். மருத்துவர்கள் எழுதும்போது வேறு பெயரைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் எந்தப் பெயரைத் தட்டுகிறீர்களோ அந்தக் கூட்டத்திடம்தான் போய் நிற்பீர்கள்.

மருத்துவப் பெயரைப் பிடிக்க மூன்று வழி உண்டு. முதலாவது, கையில் இருக்கும் காகிதம். மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றில் "டயக்னோசிஸ்" அல்லது "இம்ப்ரெஷன்" என்ற சொல்லுக்கு எதிரே இருப்பது அதுதான். எழுத்து புரியாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடமோ செவிலியரிடமோ கேட்டு எழுத்துக் கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. இரண்டாவது, தமிழ் விக்கிப்பீடியா. அங்கே நோய்க்கான பக்கத்தைத் திறந்து, தலைப்பருகே உள்ள மொழிக் குறியைத் தொட்டு ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவினால் மருத்துவப் பெயர் தலைப்பாகவே நிற்கும். நோயைப் பற்றி அங்கே படிக்கவேண்டும் என்பதல்ல, பெயரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மூன்றாவது, பெயரே தெரியாதபோது தோற்றத்தைச் சொல்லித் தேடுவது. எந்த இடம், எத்தனை நாள், எப்படி இருக்கிறது, கூடவே என்ன. "இடுப்பில் ஒரு பக்கம் கொப்புளம் எரிச்சல் மூன்று நாள்" என்பது "தோல் வியாதி" என்பதைவிட நூறு மடங்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. ஊர்வழக்குப் பெயர் ஒன்று பல நோய்களைக் குறிக்கும். உதட்டோரம் வரும் கொப்புளத்தையும் சிலர் அக்கி என்கிறார்கள். அது வேறு கிருமி. "வாயு" என்று சொல்லப்படுவது செரிமானக் கோளாறாக இருக்கலாம், தசைப்பிடிப்பாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவப் பெயர் கிடைத்ததும், அந்தப் பக்கத்தில் உள்ள விவரணை உங்களுக்கு இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்கவேண்டும்.

பெயர் கிடைத்தபின் தமிழிலேயே படிக்க விரும்பினால் அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் தட்டலாம். எழுத்து மாறினால் முடிவும் மாறும் என்பதால் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்: டெங்கு, டெங்கி, கொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரோல், கொழுப்பு, ரத்த அழுத்தம், இரத்த அழுத்தம், குருதி அழுத்தம், பிரஷர். இலங்கைப் பக்கங்கள் வேண்டுமென்றால் அங்குள்ள பெயர் தெரிந்திருக்கவேண்டும். டைபாய்டு அங்கே நெருப்புக்காய்ச்சல், பொன்னுக்குவீங்கி கூகைக்கட்டு.

கோளாறு: எதைத் தேடினாலும் புற்றுநோயில் போய் முடிகிறது

இது உங்கள் மனப்பலவீனம் அல்ல. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ரையன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தலைவலி பற்றிய இணையப் பக்கங்களில், காபி குடிப்பதை நிறுத்தியதால் வரும் தலைவலிக்குக் கிடைக்கும் இடமும் மூளைக்கட்டிக்குக் கிடைக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நிஜத்தில் முன்னது சர்வசாதாரணம், பின்னது மிக மிக அரிது. கொடிய நோய் பற்றி நிறைய எழுதப்படுகிறது, நிறைய வாசிக்கப்படுகிறது. அதனால் மேலே வருகிறது. வரிசையில் மேலே இருப்பதை உங்களுக்கு வருவதற்கான வாய்ப்பு என்று படித்துவிடுகிறோம்.

அறிகுறியை மட்டும் தனியாகத் தட்டாதீர்கள். "காரணம்" என்று சேர்த்தால் இருக்கும் எல்லாக் காரணமும் வந்து கொட்டும். அதற்குப் பதிலாக வயது, ஆணா பெண்ணா, எத்தனை நாள் என்பதைச் சேருங்கள். பிறகு "எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்ற தொடரைச் சேருங்கள். ஆங்கிலத்தில் என்றால் "வென் டு சீ எ டாக்டர்" அல்லது "ரெட் ஃபிளாக்ஸ்". கேள்வி இப்படி மாறியதும் பட்டியலும் மாறிவிடும். தலைவலிக்கு இப்படித் தேடினால் உருப்படியான ஒரு சிறு பட்டியல் கிடைக்கும்: இடிபோலத் திடீரென வந்த, வாழ்நாளில் காணாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வந்தது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது, கர்ப்பிணிக்குப் பார்வை மங்கலோடு வந்தது. இவற்றில் ஏதாவது இருந்தால் தேடலை மூடிவிட்டுக் கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றால் இன்றிரவு தூங்கலாம், வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம்.

கோளாறு: கேட்டதற்கெல்லாம் "ஆம்" என்றே பதில் வருகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் கோளாறு இது. தேடுபவருக்குக் கோளாறு இருப்பதே தெரியாது. நல்ல பதில் கிடைத்த நிம்மதியோடு போய்விடுவார்.

"பப்பாளி இலைச் சாறு டெங்குவைக் குணப்படுத்துமா" என்று தட்டிப் பாருங்கள். பப்பாளி, டெங்கு, குணம் என்ற மூன்று சொல்லும் சேர்ந்து இருக்கும் பக்கங்கள் யார் எழுதியவை? குணப்படுத்தும் என்று சொல்பவர்கள்தான் அந்த மூன்றையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். குணப்படுத்தாது என்று நினைப்பவர் அதைப்பற்றிக் கட்டுரை எழுத உட்காருவதே குறைவு. ஆகவே விடையை உள்ளே வைத்துக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அந்த விடையே திரும்பி வரும். "தடுப்பூசியால் மலட்டுத்தன்மை" என்று தட்டினாலும் இதே கதை. ஒன்று ஆசை, மற்றது பயம். இயங்கும் விதம் ஒன்றுதான்.

மூன்று படியில் இதைச் சரிசெய்யலாம்.

முதல் படியில், தீர்ப்புச் சொல்லை எடுத்துவிடுங்கள். குணம், நன்மை, அற்புதம், ஆபத்து, பக்கவிளைவு எதுவும் வேண்டாம். "டெங்கு சிகிச்சை" என்று மட்டும் தட்டி, உலக சுகாதார நிறுவனத் தளத்துக்குள் பூட்டுங்கள். இப்போது அங்கே பப்பாளி தானாக வருகிறதா என்று பாருங்கள். வராது. அங்கே இருப்பது: ஓய்வு, நிறைய நீராகாரம், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது. கூடவே ஆபத்தின் அடையாளங்கள்: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை. இவை பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வரி. காய்ச்சல் விட்டுவிட்டது, சாறு வேலை செய்துவிட்டது என்று நினைக்கும் அதே நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இரண்டாவது படியில், அப்படியே எதிர்க் கேள்வியையும் தட்டுங்கள். "பப்பாளி இலை டெங்கு பயனில்லை", "பப்பாளி இலை டெங்கு ஆதாரம்". இரண்டு தரப்பும் எதைச் சான்றாகக் காட்டுகின்றன என்று ஒப்பிடுங்கள்.

மூன்றாவது படியில், ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட கட்டுரையைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு "சிஸ்டமாட்டிக் ரிவ்யூ" என்று பெயர்; உங்கள் சொல்லோடு அதையும் சேர்த்தால் போதும். பப்பாளி இலைக்கு இப்படித் தேடினால் தெரியவருவது இது: சிறிய ஆய்வுகள் சில இருக்கின்றன, அவற்றில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சற்று முன்னதாக ஏறியிருக்கின்றன. ஆனால் டெங்குவில் இருந்து மீள்பவர்களுக்குச் சாறு குடிக்காமலே தட்டணு ஏறும். மேலும் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவது. தட்டணு எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லாது. சாவைக் குறைத்தது என்று காட்டிய ஆதாரம் இல்லை. "வேலை செய்கிறதா" என்ற கேள்விக்கு "எதை அளந்து சொல்கிறார்கள்" என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்புக் கட்டுரைகளுக்குப் பேர்போன அமைப்பு காக்ரேன், 1993-இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு தொகுப்புக்கும் எளிய மொழிச் சுருக்கம் ஒன்று போடுகிறார்கள். அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் இருக்கிறது. தெற்காசியாவுக்கான அவர்களது மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் வேரூன்றியது. நம் வாசல்வரை வந்திருக்கும் இந்த நல்ல காரியத்தை நம்மில் பலர் அறியாமலே இருக்கிறோம்.

கோளாறு: ஆய்வுக் கட்டுரை கிடைத்தது, நம்பலாமா என்று தெரியவில்லை

"அறிவியல் நிரூபித்தது" என்று யாராவது ஒரு இணைப்பைக் கொடுத்தால், தலைப்பை அப்படியே பப்மெட் தளத்தில் தட்டுங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் மாபெரும் அட்டவணை அது. மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள், இலவசம். சுருக்கத்தைப் படிக்கும்போது பார்க்கவேண்டியது: ஆய்வு யாரிடம் நடந்தது, எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள். எலி, சுண்டெலி, செல் லைன், "இன் விட்ரோ" என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அது மனிதரிடம் நடந்த சோதனை அல்ல. மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்ற செய்திகளில் மிகப் பல, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைக் கண்ணாடித் தட்டில் நேரடியாக ஊற்றிச் செய்த சோதனைகள். சாப்பிடும் குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். அதைச் சேர்க்க மிளகின் பைபரினோடு கலந்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றிப் பேச்சில்லை.

பக்கத்தின் ஓரத்தில் உள்ள வடிகட்டிகளில் "சிஸ்டமாட்டிக் ரிவ்யூ", "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" இரண்டையும் சொடுக்கினால் குவியல் குறையும், காசில்லாமல் முழுதாகப் படிக்கவும் முடியும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் "ரிட்ராக்டட்" என்று அங்கேயே போட்டிருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. இன்றும் வாட்ஸ்அப்பில் அது உலவுகிறது.

கோளாறு: ஒரே மருந்துக்கு ஆளுக்கொரு தகவல்

கடைப்பெயரைத் தட்டியிருப்பீர்கள். மாத்திரை அட்டையைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை கிழிந்துபோயிருந்தால் அட்டைப்பெட்டியில் பாருங்கள். இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்துகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து கியூஆர் குறி கட்டாயம், அதை ஸ்கேன் செய்தாலும் பெயர், தயாரிப்பாளர், காலாவதித் தேதி தெரியும். பெயருக்குப் பின்னால் வரும் "எஸ்ஆர்", "எக்ஸ்ஆர்", "ஃபோர்ட்", "பிளஸ்" போன்ற ஒட்டுகளை விட்டுவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கக்கூடாது என்பது போன்ற விஷயங்கள் அந்த ஒட்டில்தான் இருக்கும்.

மருந்தின் பெயரிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. நம் பாரசிட்டமால் அமெரிக்கப் பக்கங்களில் அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புட்டமால் அங்கே ஆல்புட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

உள்ளிருக்கும் பெயரில் தேடுவதால் இன்னொரு பெரிய நன்மை. காய்ச்சலுக்கு டோலோ போட்டுக்கொண்டு சளிக்கும் ஒரு கூட்டு மாத்திரை போடுபவர்கள் ஏராளம். இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

பக்கவிளைவுப் பட்டியலைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பட்டியலில் அடுக்குகள் இருக்கும்: "காமன்" என்றால் நூறில் ஒருவருக்கு மேல் பத்தில் ஒருவர் வரை, "ரேர்" என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சொல் இல்லாமல் வெறும் நோய்ப்பெயர்களை மட்டும் அடுக்கும் பக்கத்தை மூடிவிடலாம். பாலூட்டும் தாய்மார்கள் மருந்தின் பெயரோடு "லாக்ட்மெட்" என்று சேர்த்துத் தேடுங்கள். தாய்ப்பாலில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்பதற்கென்றே உள்ள இலவசத் தரவுத்தளம் அது.

கோளாறு: என் ரிப்போர்ட்டில் சர்க்கரை 126, இணையப் பக்கத்தில் 7 என்று இருக்கிறது

அலகு வேறு. இந்திய ஆய்வகங்கள் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தருகின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா பக்கங்கள் லிட்டருக்கு மில்லிமோலில் எழுதுகின்றன. நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண். 126-ஐ வகுத்தால் 7. வெறும்வயிற்றில் நீரிழிவு என்று சொல்லும் எல்லை இரு இடத்திலும் ஒன்றே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பது அவர்களிடம் 48. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கவேண்டும்; நம் 1.0 அங்கே 88. கிரியாட்டினின் 88 "நார்மல்" என்று எங்கோ படித்துவிட்டுத் தன் 1.8-ஐப் பார்த்து நிம்மதி அடைபவர் உண்மையில் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவேண்டியவராக இருக்கலாம்.

தேடும்போது அலகையும் சேர்த்தே தட்டுங்கள். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பே உங்களுக்கு முதல் அளவுகோல்.

கோளாறு: இந்தத் தகவல் பழையதா என்று தெரியவில்லை

மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் அரசு காசநோய்த் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்தது 2017-இல் தினசரி என்று மாறிவிட்டது. பழைய பக்கம் படித்தவர் இன்னும் வாரம் மூன்று நாள் என்றே நினைப்பார். மாரடைப்பைத் தடுக்கத் தினம் ஒரு சிறு ஆஸ்பிரின் என்ற பழைய அறிவுரையும் அப்படித்தான். இதய நோய் இல்லாத 60 வயதைத் தாண்டியவர்கள் அதைப் புதிதாகத் தொடங்கவேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2022-இல் சொல்லிவிட்டது. ஏற்கெனவே மருத்துவர் சொல்லிச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது.

தேடல் பக்கத்தில் "டூல்ஸ்" என்பதைத் தொட்டுக் கடந்த ஓராண்டு என்று கட்டுப்படுத்தலாம். பக்கத்துக்குள் "லாஸ்ட் ரிவ்யூடு" என்ற தேதியைத் தேடுங்கள். பழைய கட்டுரைக்குப் புதுத் தேதி மட்டும் போடும் தளங்களும் உண்டு என்பதால், உள்ளே மேற்கோள் காட்டும் ஆய்வுகள் எந்த ஆண்டினது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புதியது என்பதாலேயே நல்லது என்றும் ஆகாது. நேற்று வந்த ஒற்றை ஆய்வின் செய்தியைவிடப் பழைய வழிகாட்டி நெறியே உறுதியானது.

கோளாறு: மேலே வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமே போதும்போல் இருக்கிறது

போதாது. பல பக்கங்களிலிருந்து வரிகளை எடுத்துக் கோத்துத் தருவது அது. குழந்தைக்கான அளவும் பெரியவருக்கான அளவும், அமெரிக்க அலகும் நம் அலகும் ஒரே பத்தியில் கலந்துவிடலாம். பக்கத்தில் காட்டும் இணைப்பைத் திறந்து, அந்த வரி மூலத்தில் அப்படியே இருக்கிறதா, யாருக்காகச் சொன்னது என்று பாருங்கள். மருந்தின் அளவு, கர்ப்பம், கைக்குழந்தை ஆகிய மூன்றிலும் சுருக்கத்தை மட்டும் நம்பி எதையும் செய்யவேண்டாம். சுருக்கமே வேண்டாம் என்றால் முடிவுகளின் மேல்வரிசையில் "வெப்" என்பதைத் தொடுங்கள்.

கோளாறு: வேண்டாத ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது

வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். சர்க்கரை என்று தேடினால் சமையல் குறிப்பாக வருகிறதா? "ரெசிப்பி" என்ற சொல்லுக்கு முன் கழித்தல். மாறாக, ஒரு தொடர் பிரியாமல் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைச் சோதிக்க இதுவே சிறந்த கருவி: அதில் வித்தியாசமாக இருக்கும் ஒரு வரியை மேற்கோளுக்குள் போட்டு, "ஃபேக்ட் செக்" என்று சேர்த்துத் தேடினால் அது எத்தனை ஆண்டாக, எந்த எந்த மருத்துவர் பெயரில் சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

கோளாறு: ஒருமுறை தேடியதும் அதே நோயின் விளம்பரம் துரத்துகிறது

கருத்தடை, குழந்தையின்மை, மனநலம், பால்வினை நோய் போன்றவற்றை வீட்டில் எல்லாரும் எடுக்கும் போனில் தேடுபவர்களுக்கு இது விளம்பரத் தொல்லையோடு நிற்காது. குறிப்பாகப் பெண்களுக்கும் பதின்வயதினருக்கும். தேடும் முன் பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்துகொள்ளுங்கள். தேடல் அந்த போனின் வரலாற்றில் தங்காது. இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தும் நீங்கள் போகும் தளத்திடமிருந்தும் அது மறைக்காது. அலுவலக வைஃபையில் தேடவேண்டாம். ஏற்கெனவே தேடியாகிவிட்டது என்றால், கூகுள் கணக்கில் "மை ஆக்டிவிட்டி" பக்கத்துக்குப் போய் அந்தச் சொல்லைத் தேடி அழித்துவிடலாம். "மை ஆட் சென்டர்" பக்கத்தில் தனிப்பட்ட விளம்பரங்களை மொத்தமாக நிறுத்தலாம். அறிகுறிகளைத் தட்டச் சொல்லிப் பெயர், போன் எண் கேட்கும் "இலவச ஆலோசனை" படிவங்களை நிரப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் அரசு மருத்துவ ஆலோசனை மையத்தில் இதையெல்லாம் காசில்லாமல் ஒரு மனிதரிடமே கேட்கலாம்.